தாண் கோத்திரத்தின் நிலம் எங்கே? கப்பலில் வந்தவர்களா அவர்கள்?

வணக்கம். இன்னைக்கு இஸ்ரவேலோட பன்னிரண்டு கோத்திரங்கள்ல ஒண்ணான தாண் கோத்திரம். பைபிள் வரைபடத்துல இந்தப் பேர் ரெண்டு இடத்துல இருக்கும். ஒண்ணு கடலோரத் துறைமுகமான யோப்பாவுக்குக் கிழக்க, இன்னொண்ணு வடக்கே தூரத்துல எர்மோன் மலை அடிவாரத்துல. நடுவுல நேர்கோட்டுலயே 150 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டும் ஒரே காலத்து நிலம்னு நினைச்சா அங்கயே தப்பாயிடும்.

யோசுவா 19:40-48 எடுங்க. தாணோட பங்கு அங்கதான். அதுக்கு முன்னாடி அதிகாரங்கள்ல பக்கத்துக் கோத்திரங்களான யூதாவுக்கும் பென்யமீனுக்கும் எல்லை எந்த வழியாப் போகுதுன்னு படிப்படியா எழுதியிருக்கும். தாணுக்கு ஊர்ப் பட்டியல்தான். இப்போ 15-ம் அதிகாரத்தைப் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. சோரா, எஸ்தாவோல், திம்னா, எக்ரோன் நாலும் யூதாவோட பட்டியல்லயும் வருது! அதுல எக்ரோன் பெலிஸ்தரோட பெரிய நகரம். எக்ரோன் இருந்த மேடான தெல் மிக்னேவில் 1996-ல கிடைச்ச கல்வெட்டுல அந்த ஊர்ப்பேரே இருக்கு. அதனால தாணைச் சுத்தி அழுத்தமா ஒரு கோடு போட்டிருந்தா, அது வரைஞ்சவரோட ஊகம்னு எடுத்துக்கோங்க.

சோரேக் பள்ளத்தாக்குக்கு மேல இருக்கிற சோரா, எஸ்தாவோல் மேட்டுப்பகுதிதான் அவங்க கைக்குள்ள இருந்தது. தாண் கோத்திரத்து வீரன் சிம்சோனை அடக்கம் பண்ணினதும் அங்கதான். சமவெளிக்கு இறங்க எமோரியர் விடலைன்னு நியாயாதிபதிகள் 1:34 சொல்லுது. 18-ம் அதிகாரத்துல தாண் ஆட்கள் 600 பேர் ஆயுதத்தோட வடக்க போய் லாயீஸ்ங்கிற ஊரை எரிச்சு, தாண்னு பேர் வைக்கிறாங்க.

அந்த லாயீஸ்தான் தெல் தாண். 1966-ல தொல்லியலாளர் அவ்ரஹாம் பீரான் அங்க தோண்ட ஆரம்பிச்சார். இரும்புக் காலத் தொடக்க அடுக்குல நிறைய சேமிப்புக் குழிகளும், கழுத்துல பட்டை வச்ச பெரிய சாடிகளும் வந்துச்சு. தாண் ஆட்கள் வந்து இறங்கின தடயம்னு அவர் எடுத்துக்கிட்டார். எனக்கு அது போதாது. அதே மாதிரி சாடி யோர்தானுக்குக் கிழக்கயும் கிடைக்குது, சாடியை வச்சு இனத்தைச் சொல்ல முடியாது. அங்கயே 1993-ல கிடைச்ச "தாவீதின் வீடு" கல்வெட்டையும் சிலர் இதுக்குச் சான்றா காட்டுறாங்க. அது கி.மு. 9-ம் நூற்றாண்டு, அரமேய மொழி. இந்தக் கோத்திரத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை.

பெரிய விவாதம் தெபோராள் பாட்டுல, நியாயாதிபதிகள் 5:17. தாண் ஏன் கப்பல்கள்ல தங்கினான்னு கேக்குது. மலையில இருக்கிற கூட்டத்துக்கு ஏது கப்பல்? 1960-கள்ல தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் இதைப் பிடிச்சுக்கிட்டு, எகிப்து ராஜா மூன்றாம் ராம்சேஸ் மெதினத் ஹாபு கோயில்ல பொறிச்ச, கடல் வழியா வந்து தாக்கின "கடல் மக்கள்" கூட்டங்கள்ல ஒண்ணான தெனியென்தான் பின்னாடி தாண் ஆனாங்கன்னு சொன்னார். ஆதியாகமம் 49:16-ல தாண் "இஸ்ரவேல் கோத்திரங்களில் ஒன்றாக" இருப்பான்னு வருது. கூடவே பிறந்தவனுக்கு அதைத் தனியாச் சொல்லணுமாங்கிறதும் இந்தத் தரப்போட வாதம். எண்ணாகமம் 26-ல தாணோட 64,400 பேருக்கு ஒரே ஒரு குடும்பப் பேர்தான் இருக்கு, மத்த கோத்திரங்களுக்குப் பல பேர் இருக்கு, அதுவும் இவங்களுக்குச் சாதகம்.

ஆனா தெனியெனோட தடம் வேற திசையில போகுது. எகிப்து அரசவைக்கு வந்த அமர்னா கடிதங்கள்ல ஒண்ணுல, கி.மு. 14-ம் நூற்றாண்டுலயே தனுனான்னு ஒரு நாடு, அதுக்கு ஒரு ராஜா. கி.மு. 8-ம் நூற்றாண்டுல துருக்கியில கராதெபே கல்வெட்டுலயும் அதே பேர், அதானா சமவெளியில. யோப்பா பக்கம் அவங்க குடியேறினாங்கன்னு சொல்ற கல்வெட்டு ஒண்ணுகூடக் கிடைக்கலை. கப்பல் வரியையும், துறைமுகத்துல கூலிக்கு வேலை பார்த்தாங்கன்னு படிக்கிறவங்க இருக்காங்க. நிலம் கிடைக்காத கூட்டத்துக்கு அந்த வாசிப்புதான் நல்லாப் பொருந்துதுன்னு நான் நினைக்கிறேன்.