யோவானுக்கு மட்டும் ஏன் பிறந்தநாள் விழா?

நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியில் புனிதர்களின் விழாக்கள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில்தான் வரும். மறைசாட்சிகள் நம்பிக்கைக்காக உயிர்விட்ட நாளையே அவர்களுடைய விண்ணகப் பிறப்பு நாளாகத் தொடக்கத் திருச்சபை கொண்டாடியது. நியாயம்தான். ஒருவர் புனிதரா என்பது வாழ்ந்து முடித்த பிறகுதானே தெரியும்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

ஆனால் மூன்று பேருக்கு மட்டும் மண்ணில் பிறந்த நாளும் விழாதான். டிசம்பர் 25 இயேசுவுக்கு, செப்டம்பர் 8 அன்னை மரியாவுக்கு, ஜூன் 24 இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த திருமுழுக்கு யோவானுக்கு. திருச்சபையின் பேராசான் புனித அகுஸ்தீன் காலத்தில் (4-5ஆம் நூற்றாண்டு) மரியாவின் பிறப்பு விழாகூட இல்லை. இயேசு, யோவான் இருவருக்கே அது இருந்தது.

யோவானுக்கு ஏன்? லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மகன் பிறப்பான், தாயின் வயிற்றிலேயே தூய ஆவியால் நிரப்பப்படுவான் என்று வானதூதர் கபிரியேல் சொல்கிறார். அதைக் கேட்ட முதியவர் செக்கரியா, யோவானின் தந்தை, நம்பவில்லை, பேச்சு நின்றுபோகிறது. பிறகு கருவுற்ற மரியா வந்து வாழ்த்தியதும், செக்கரியாவின் மனைவி எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளுகிறது. இயேசுவை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை! மற்றவர்கள் வாழ்ந்து எட்டிய புனிதத்தோடு இவர் பிறந்தார் என்று திருச்சபை நம்புகிறது. விழாவுக்குக் காரணம் அதுதான்.

எட்டாம் நாள் பெயர் சூட்ட வந்த உறவினர்கள், தந்தையின் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் மறுக்கிறார். பேச முடியாத செக்கரியா எழுதுபலகை கேட்டு வாங்கி, “இக்குழந்தையின் பெயர் யோவான்” என்று எழுதுகிறார். உடனே நா கட்டவிழ்கிறது. அப்போது அவர் பாடிய புகழ்ப்பாடல் இன்றும் திருச்சபையின் காலை மன்றாட்டில் நாள்தோறும் ஒலிக்கிறது.

தேதியும் அந்த அதிகாரத்திலிருந்து வந்ததே. மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்னபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். எனவே யோவான் ஆறு மாதம் மூத்தவர். அப்படியானால் ஜூன் 25 அல்லவா வர வேண்டும் என்பீர்கள். ரோமர்கள் அடுத்த மாத முதல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். இரண்டு விழாக்களும் அந்தக் கணக்கில் எட்டாம் நாள். ஜூனுக்கு 30 நாள், டிசம்பருக்கு 31, வித்தியாசம் அவ்வளவே.

யோவான் தலை வெட்டப்பட்டதை ஆகஸ்ட் 29 அன்று திருச்சபை நினைவுகூர்கிறது. திருவழிபாட்டில் அது ‘நினைவு’ மட்டுமே. ‘பெருவிழா’ என்ற உயர்ந்த நிலை அவர் பிறந்த ஜூன் 24க்குத்தான்.