ராஸ்பெர்ரி ப்ரவுன் ஏலுக்கு மார்க் போடுவது எப்படி?

[திரையில்: மேசை. இரண்டு கண்ணாடிக் கோப்பைகள், தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டுகள், மார்க் ஷீட், மெக்கானிக்கல் பென்சில்]

மேசையில் மரப்பென்சில் இல்லை, கவனித்தீர்களா? பீர் போட்டிகளில் நடுவராக உட்காருபவர்களுக்குச் சொல்லித்தரும் சின்ன விஷயம் இது. சீவிய பென்சிலின் மர வாசனை மூக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பீரில் ஓக் மரம் மணக்கிறது என்று எழுதிவிட்டால், பாவம், காய்ச்சியவர் என்ன செய்வார்? சென்ட், வாசனைச் சோப்பு எல்லாவற்றுக்கும் இதே தடைதான்.

இன்று கோப்பையில் இருப்பது ராஸ்பெர்ரி சேர்த்த ப்ரவுன் ஏல், பழுப்பு நிற பீர் வகை. பழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ப்ரவுன் ஏலைப் பார்த்துவிடலாம். இது இங்கிலாந்துச் சரக்கு. 1927-இல் வந்த நியூகாசில் ப்ரவுன் ஏல்தான் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து வருகிறது. பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு அடக்கமாக இருக்கும். டாஃபி, பருப்பு, ரொட்டியின் மேலோடு போன்ற சுவைகள் முன்னே நிற்கும். நல்ல ப்ரவுன் ஏலை முகர்ந்தால் எனக்குக் கடலைமிட்டாய் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும்.

[திரையில்: மார்க் ஷீட், அருகில்]

அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் ப்ரோக்ராம், சுருக்கமாக பி.ஜே.சி.பி., வகுத்த மார்க் ஷீட் இது. மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. எவ்வளவு அழகான சிவப்புப் பழுப்பு நிறமாக இருந்தாலும், நுரையில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தாலும், கண்ணுக்குக் கிடைப்பது அந்த மூன்றுதான்.

போட்டிக்கு அனுப்புபவர் என்ன பழம் என்று எழுதித் தர வேண்டும். என்ன மாதிரி பீர் என்பதையும் சொல்ல வேண்டும். நம் கோப்பைக்கு வந்த சீட்டில் 'ப்ரவுன் ஏல், ராஸ்பெர்ரி' என்று இருக்கிறது. அப்படியென்றால் இரண்டுமே கோப்பைக்குள் இருந்தாக வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ராஸ்பெர்ரி உரக்கப் பேசும் பழம். மூக்கில் குப்பென்று ஏறியதும், ஆகா, பழம் நன்றாக வந்திருக்கிறது என்று மார்க்கை அள்ளிக் கொடுக்கத் தோன்றும். பழம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு மார்க் கிடையாது. பழத்துக்குப் பின்னால் ப்ரவுன் ஏல் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும்.

சரி, ஊற்றுவோம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஊற்றிய உடனே முகருங்கள், நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீக்கிரம் பறந்துபோகும் மணங்கள் நமக்காகக் காத்திருக்காது. இழுத்து ஒரே மூச்சாக வேண்டாம், இரண்டு மூன்று குட்டி மூச்சு போதும். இது ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்திருந்தால் பழம் மட்டும்தான் தெரியும், மால்ட் வாயே திறக்காது. கோப்பையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு சில நிமிடம் பொறுங்கள்.

பழத்துக்குப் பதில் எசென்ஸ் சேர்த்ததை எப்படிப் பிடிப்பது? பெரும்பாலும் இருமல் மருந்து ஞாபகம் வரும். செர்ரியில் இது இன்னும் சிக்கல். செர்ரிக் கொட்டையிலிருந்தே பென்சால்டிஹைடு என்ற பொருள் வரும், பாதாம் எசென்ஸில் இருப்பதும் அதேதான். அதனால் பாதாம் வாசனை வந்ததும் எசென்ஸ் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இப்போது ஒரு வாய். விழுங்க வேண்டும், ஒயின்காரர்கள் மாதிரி துப்பக் கூடாது. பீரின் கசப்பும் கடைசியில் தங்கும் சுவையும் விழுங்கினால்தான் முழுதாகத் தெரியும்.

ஜூஸ் மாதிரி இல்லையே என்று தோன்றுகிறதா? இருக்காது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். மிஞ்சுவது பழத்தின் மணம், நிறம், புளிப்பு. இந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க மால்ட்டின் மிச்ச இனிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் புளிப்பு ஒரு பக்கம், வறுத்த மால்ட்டின் கருகல் ஒரு பக்கம் என்று இரண்டும் நாக்கில் சண்டை போடும். ஹாப்ஸை அள்ளிப் போட்டிருந்தால் கசப்பும் சேர்ந்துகொள்ளும், கேட்கவே வேண்டாம்.

பெல்ஜியத்தின் அவுடனார்டே ஊரிலுள்ள லீஃப்மன்ஸ் என்ற பீர் ஆலையின் செர்ரி பீரைப் பாருங்கள். அடியில் இருப்பது அந்த ஊரின் பழுப்பு பீர். அதற்கு இயல்பிலேயே புளிப்பு உண்டு, அதனால் செர்ரி போய்ச் சேர்ந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலேய ப்ரவுன் ஏலில் அந்தப் புளிப்பு கிடையாது. அங்கே பழம் விருந்தாளிதான், இடம் பார்த்து உட்கார வேண்டும்.

[திரையில்: ராஸ்பெர்ரி விதைகள்]

அடுத்தது துவர்ப்பு. ராஸ்பெர்ரி விதை பீரில் அதிக நாள் ஊறினால் துவர்ப்பு இறங்கும். நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நமக்குத் துவர்ப்பு ஆறு சுவைகளில் ஒன்று. இந்த ஷீட்டில் அது சுவையே இல்லை! நாக்கு உலர்ந்து இழுப்பதாகக் கணக்கிட்டு, 'வாயில் உணரும் தன்மை' கட்டத்தில்தான் எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் சுவைக் கட்டத்திலும் ஒருமுறை கழித்துவிட்டால், ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. இந்த இடத்தில் ஷீட்டை விட நம் பாட்டி சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் போட்டி அவர்களுடையது.

[திரையில்: கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன]

என் கோப்பைக்கு நான் போடுவது: மணம் 8, தோற்றம் 3, சுவை 13, வாயுணர்வு 3, ஒட்டுமொத்தம் 6. ஆக 33. 30 முதல் 37 வரை 'மிக நன்று' என்ற தரம். எழுதி முடிக்கும்வரை பக்கத்து நடுவரோடு பேசக் கூடாது. முடித்த பிறகு ஷீட்டுகளை ஒப்பிட வேண்டும். அவர் 24 போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையே 7 மார்க்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இங்கே 9. இனி பேசித்தான் தீர வேண்டும்.

அவர் ஷீட்டில், 'பழம் மட்டுமே, ப்ரவுன் ஏலைக் காணோம்' என்று இருக்கிறது. என் ஷீட்டில் துவர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் குடித்தது ஊற்றிய கையோடு, ஜில்லென்று. இப்போது இருபது நிமிடம் ஆகிவிட்டது. இருவரும் மறுபடி கோப்பையை எடுக்கிறோம். அவர் முகர்ந்துவிட்டு ரப்பரைத் தேடுகிறார், 29 ஆகிறது. நான் இன்னொரு வாய் குடிக்கிறேன். நாக்கு இழுக்கத்தான் செய்கிறது. 31.