ஒரே தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள்: நன்னீர் மீன் வளர்ப்போர் குழுவைக் கண்டறிவதும் தொடங்குவதும்

(காட்சி: குழாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரம்புகிறது.)

வணக்கம். மீன் தொட்டி பற்றிய எந்தக் கேள்விக்கும் இன்று கைப்பேசியிலேயே பல பதில்கள் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பதிலைச் சொல்பவரின் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் வேறு, உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் வேறு. தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு, அதன் அமில காரநிலை என்ன, கிருமி நீக்கத்துக்காக அதில் கலக்கப்படுவது திறந்து வைத்தால் வெளியேறிவிடும் குளோரினா அல்லது அவ்வளவு எளிதில் வெளியேறாத குளோரமைனா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். இவற்றைப் பட்டு அறிந்தவர்கள் அதே தண்ணீரில் மீன் வளர்க்கும் உங்கள் ஊர்க்காரர்கள்தாம். உள்ளூரில் ஒரு குழு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் இதுவே.

இது புதிய வழக்கமும் அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் அக்வேரியம் சொசைட்டி 1911-ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது.

(காட்சி: தொட்டித் தண்ணீரை வடிகட்டும் ஒரு பழைய ஸ்பாஞ்சு ஃபில்டரைக் கை பிழிகிறது, பழுப்பு நிறக் கலங்கல் வெளிவருகிறது.)

இந்தக் கலங்கலைச் சற்று உற்றுப் பாருங்கள். பார்ப்பதற்கு அழுக்காகத் தெரிந்தாலும், புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மிகக் குறைந்த அளவிலேயே மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் கேடு அவற்றைவிடக் குறைவு என்பதால், அவ்வப்போது தண்ணீர் மாற்றி அதைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் இந்த பாக்டீரியாக்கள் ஒரு புதிய தொட்டியில் தாமாகப் பெருகி நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒருவர் தம் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வந்து கொடுத்தால், இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் வழியில் அது காய்ந்துவிடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் அலசிவிடவும் கூடாது. தொலைவிலிருந்து தபாலில் வரவழைக்கும் பொருள் இதுவன்று; பக்கத்துத் தெருவிலிருந்து ஈரம் மாறாமல் வந்து சேர வேண்டியது.

மீன் குஞ்சுகளின் கதையும் இதுதான். ஒரே பெண் கப்பி மீன் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஓராண்டுக்குள் தொட்டி நிரம்பிவிடும். உங்களுக்கு மிஞ்சியது மற்றவருக்குத் தேவைப்படும், அவரிடம் கத்தரித்து ஒதுக்கிய ஜாவா மாஸ் என்னும் நீர்ச்செடி உங்களுக்குப் பயன்படும். அதே தண்ணீரில் பிறந்து வளர்ந்த குஞ்சு உங்கள் தொட்டிக்குப் பழகவும் அதிகம் திணறாது. பல குழுக்கள் மீன்களை இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைக் குறிப்பிட்ட நாள்கள் வரை உயிரோடு வளர்த்துக் காட்டுபவர்களுக்கு மதிப்பெண் கொடுத்து ஊக்குவிக்கின்றன.

இந்தப் பொறுமையான உழைப்பு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு மெக்சிகோவின் டெக்கீலா மீன் சான்று. டெயுச்சித்லான் ஆற்றிலிருந்து அழிந்துபோன அந்தச் சிறு மீன் ஆர்வலர்களின் தொட்டிகளில் உயிரோடு இருந்தது. அந்த வழியில் வந்த மீன்களைப் பெருக்கி, மிச்சோகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச்சாலையின் துணையோடு அவற்றை மீண்டும் அதே ஆற்றில் வாழவைத்திருக்கிறார்கள்.

சரி, இப்படி ஒரு குழுவை எங்கே தேடுவது? முதலில் உங்கள் பகுதி மீன் கடைக்காரரிடம் கேளுங்கள். தாம் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டு வந்து விற்பவர் யார், உயிருள்ள தீனியைத் தேடி வருபவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மற்ற வளர்ப்பாளர்களை அறிந்திருப்பார்கள். கில்லி மீன், சிக்லிட் போன்ற ஓர் இனத்துக்கென்றே இயங்கும் சங்கங்களில் உங்கள் ஊர் உறுப்பினர் எவரேனும் இருக்கலாம், அங்கும் விசாரியுங்கள்.

ஒன்றும் அகப்படவில்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். நான்கைந்து பேர் போதும். முதல் கூட்டத்தை வாடகை மண்டபத்தில் வைக்காமல், ஒருவர் வீட்டில், அவருடைய தொட்டிக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. தொட்டி கண்ணெதிரே இருந்தால் புதியவருக்கும் கேட்பதற்குக் கேள்வி இருக்கும், கூச்சமும் விலகும். மாதத்தில் ஒரு நாளை முடிவு செய்து, இரண்டே பேர் வந்தாலும் அந்த நாளை மாற்றாதீர்கள். தேதி அடிக்கடி மாறும் குழு விரைவில் கலைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. செலவு என்று ஒன்று வரும்வரை சந்தா வேண்டாம். பின்னாளில் உறுப்பினர்களின் மீன்களையும் செடிகளையும் ஏலம் விட்டு, அதில் ஒரு பங்கைக் குழுவுக்கும் மிச்சத்தைக் கொண்டுவந்தவருக்கும் கொடுக்கலாம். பணம் வந்த பிறகு கணக்கை இருவர் பார்க்கட்டும்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: வேண்டாத மீனை யாரும் ஆற்றிலோ குளத்திலோ விடக்கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சிறிதாக வாங்கும் பிளெகோ மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வெப்ப நாடுகள் பலவற்றின் நீர்நிலைகளில் அதன் உறவினங்கள் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடர் தருகின்றன. வளர்க்க முடியாத மீனைக் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு குழு இருந்தால், யாருக்கும் ஆற்றங்கரைக்குப் போகும் தேவை வராது.

(காட்சி: மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மற்றது காற்றுமாகக் கட்டிய பை, அதன்மேல் மீனின் பெயர், எண்ணிக்கை, தேதி.)

கூட்டத்திலிருந்து பையோடு வீடு திரும்பியதும் மீனை நேரே பெரிய தொட்டியில் சேர்க்காதீர்கள். தனியாக ஒரு சிறிய தொட்டி தயாராக இருக்கட்டும். பையை அதில் 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலை ஒத்துவந்த பிறகு, மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டு, பைத் தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள். அடுத்த 3, 4 வாரங்கள் உடலில் நோயின் அடையாளமான வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றனவா, தீனி எடுக்கிறதா என்று பார்த்து வாருங்கள். அதற்குள் அடுத்த மாதக் கூட்டம் வந்துவிடும். அந்த மீனைக் கொடுத்தவரிடம் அது எப்படி இருக்கிறது என்று சொல்லலாம்.