தோற்ற அணிக்கு முதல் உரிமை ஏன்? – என்பிஏ டிராஃப்ட் குறித்த ஒரு சந்தேகமும் விளக்கமும்

அன்பர் ஒருவர் அனுப்பிய கேள்வி மூன்று நாள்களாக என்னை விடாமல் சுற்றி வருகிறது. பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் அவருடைய மகள், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, "கடைசியில் வந்த அணிக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை கொடுத்தால், எல்லாரும் வேண்டுமென்றே தோற்க மாட்டார்களா அப்பா?" என்று கேட்டாளாம். அவர் அதை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். பதிலும் எளிது: தோற்கத்தான் செய்தார்கள்.

1966 முதல் 1984 வரை, கிழக்குப் பிரிவில் கடைசியில் நின்ற அணிக்கும் மேற்குப் பிரிவில் கடைசியில் நின்ற அணிக்கும் இடையே நாணயம் சுண்டி முதல் உரிமையை முடிவு செய்தார்கள். 1983-இல் அவ்வாறு முதல் உரிமையைப் பெற்ற ஹூஸ்டன் அணி, அடுத்த ஆண்டும் மேற்கில் கடைசிக்கே போய்ச் சேர்ந்தது. பருவம் முடியும் வேளையில் 38 வயதான எல்வின் ஹேய்ஸை, கூடுதல் நேரத்தையும் சேர்த்து 53 நிமிடங்களும் களத்திலிருந்து வெளியே எடுக்காமல் ஆட வைத்ததைப் பார்த்தவர்கள், இந்த அணிக்கு வெல்லும் எண்ணம் இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நாணயமும் ஹூஸ்டன் பக்கமே விழுந்தது. அந்த முதல் உரிமையில் ஒலாஜுவான் என்னும் ஆட்டக்காரர் அங்கே போனார். இரண்டாம் உரிமையைக் கையில் வைத்திருந்த போர்ட்லண்ட், காலெலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு பருவங்களை இழந்திருந்த சாம் போவியை எடுத்ததும், மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குச் சென்றதும் நீங்கள் நூறு முறை கேட்ட கதை என்பதால் அதற்குள் நுழையவில்லை.

அதற்கடுத்த ஆண்டே லாட்டரி, அதாவது குலுக்கல் முறை, வந்தது. 1985-இல் பிளே-ஆஃபுக்கு, அதாவது பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுக்கு, தகுதி பெறாத ஏழு அணிகளின் பெயர்களை ஏழு உறைகளில் இட்டு, ஓர் உருளையில் சுழற்றி, ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையால் எடுத்தார். நியூயார்க்குக்கு முதல் உரிமை விழுந்து, பேட்ரிக் யூயிங் அங்கே சேர்ந்தார். அந்த உறையை முன்கூட்டியே குளிரவைத்து அடையாளம் செய்திருந்தார்கள் என்னும் வதந்தி இன்றுவரை ஓயவில்லை. ஆதாரம் ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. ஏழு பேருக்கும் சம வாய்ப்பு என்றால் மிக மோசமான அணிக்கு என்ன ஆறுதல் என்ற முணுமுணுப்பு எழுந்ததால், 1990-இல் கீழே இருப்பவருக்குக் கூடுதல் வாய்ப்பு என்று மாற்றினார்கள். அதுவும் 1993-இல் கேலிக்குள்ளானது: 41 வெற்றி, 41 தோல்வியுடன் பிளே-ஆஃபை மயிரிழையில் தவறவிட்ட ஆர்லாண்டோ, 66 வாய்ப்புகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு முதலிடத்தைத் தட்டிச் சென்றது. முந்தைய ஆண்டுதான் முதல் உரிமையில் ஷகீல் ஓ'நீலையும் அது பெற்றிருந்தது.

இப்போதைய குலுக்கல் முறையைக் கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் ரசிப்பீர்கள். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்-பாங் பந்துகளில் நான்கை எடுக்கிறார்கள். வரிசை பாராமல் எண்ணினால் 1001 சேர்க்கைகள் கிடைக்கும். ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி 1000 சேர்க்கைகளைப் பிளே-ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கும் பங்கிடுகிறார்கள். முன்பு கடைசி அணிக்கு 250 சேர்க்கைகள் இருந்தன. பிலடெல்பியா அணி ஆண்டுக்கணக்கில் தோல்வியையே திட்டமாக வைத்து, 2015-16-இல் 82 ஆட்டங்களில் பத்தே பத்தை வென்று, முதல் உரிமையையும் பெற்ற பிறகு, 2019-இல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 140 என்று சமப்படுத்தினார்கள். பந்துகளும் 14, அணிகளும் 14, வாய்ப்பும் 14 விழுக்காடு என்பது தற்செயல், குழம்ப வேண்டாம். 2023-24-இல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்ற டெட்ராய்ட் மொத்தம் வென்றவையும், பாருங்கள், 14தான்; ஆனாலும் குலுக்கலில் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது. 2025-இலோ ஆயிரத்தில் 18 சேர்க்கைகளை மட்டுமே வைத்திருந்த டல்லாஸ், முதல் உரிமையை வென்று கூப்பர் ஃபிளாகைப் பெற்றது. வேண்டுமென்றே தோற்பதற்கான கூலியைக் குறைத்திருக்கிறார்கள், அறவே நீக்கவில்லை.

இவ்வளவும் அணிகளின் நியாயம். நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி வேறு. அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன்: எடுக்கப்படுகிற அந்தப் பத்தொன்பது வயது இளைஞனுடைய விருப்பம் என்னவாயிற்று?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டிராஃப்டில் அணிக்குக் கிடைப்பது ஆட்டக்காரர் அல்லர், அவரோடு பேரம் பேசும் தனியுரிமை. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-இல் 52-ஆவதாக டல்லாஸ் எடுத்தது. இந்தியாவில் பிறந்து அவ்வாறு தேர்வானவர் அவரே முதல்வர், என்றாலும் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. 1999-இல் 57-ஆவதாக எடுக்கப்பட்ட மனு ஜினோபிலி 2002 வரை இத்தாலியிலேயே ஆடிக்கொண்டிருந்தார். உரிமை மட்டும் சான் அன்டோனியோவிடம் பத்திரமாக இருந்தது. அதே 1999-இல் வான்கூவர் எடுத்த ஸ்டீவ் பிரான்சிஸ், அங்கே ஆட மாட்டேன் என்று முரண்டு பிடித்து ஹூஸ்டனுக்கு மாறினார். அவரைப் பலர் ஏசினார்கள். வேலைக்குப் போகும் ஊரைத் தேர்ந்துகொள்ள நினைத்ததில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஊர் மட்டுமன்று, ஊதியமும் அவர்கள் கையில் இல்லை. 1994-இல் முதலாவதாகத் தேர்வான கிளென் ராபின்சன் பேரம் பேசி, பத்து ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் வாங்கிவிட்டார். மறு ஆண்டே முதல் சுற்றுப் புதியவர்களுக்கு, எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து ஊதிய அட்டவணை போட்டுவிட்டார்கள்.

இது சட்டப்படி செல்லுமா என்று நீதிமன்றத்துக்குப் போனவர் லியோன் வுட். 1984-இல் பத்தாவதாக அவரை எடுத்த பிலடெல்பியா, ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கான வரம்பைக் காட்டி, ஓராண்டுக்கு 75,000 டாலர் மட்டுமே தர முன்வந்தது. 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்விதிகள் ஆட்டக்காரர் சங்கமும் என்பிஏவும் பேசி ஒப்புக்கொண்டவை, பின்னால் தொழிலுக்கு வருபவரையும் அவை கட்டுப்படுத்தும் என்று கூறி அவருடைய வழக்கைத் தள்ளியது. கையெழுத்திட்ட சங்கத்தில் அன்று அவர் உறுப்பினராகவே இல்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே லியோன் வுட் அதே என்பிஏவில் நடுவராகச் சேர்ந்து, விதி மீறியவர்களைப் பார்த்து விசில் ஊதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.