காடு செய்கிற காற்று

வணக்கம். தலைப்பைப் பார்த்ததும், "காடு காற்றைத் தடுக்கும், இதில் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். தடுக்கிறது, உண்மைதான். மர உச்சியில் வீசும் காற்றின் வேகம் அடர்ந்த காட்டுக்குள் ஐந்தில் ஒரு பங்காகவோ பத்தில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். ஆனால் இது சராசரிக் கணக்கு. காட்டுக்குள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். இலை கூட ஆடாது. திடீரென்று தலைக்கு மேலே ஓர் இரைச்சல் நெருங்கி வரும், கிளைகள் சாயும், சருகு புரளும். சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சில நொடிகளில் வீசிய காற்று சராசரியைப் போலப் பல மடங்கு வேகமுள்ளது.

அது வெளியிலிருந்து தப்பித் தவறி உள்ளே நுழைந்த காற்று என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. பெரும்பாலும் அந்த வீச்சை உண்டாக்குவது அந்தக் காடேதான். எப்படி என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் வெட்டவெளியைப் பார்ப்போம். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் பூஜ்யம். மேலே போகப் போக முதலில் விறுவிறுவென்று கூடும், அப்புறம் மெதுவாகக் கூடும். காட்டின் மேலேயும் இதே கதைதான், ஆனால் தரை இருக்கும் இடம் மாறிவிடுகிறது. 30 மீட்டர் உயரக் காடு என்றால், தரையே 20 மீட்டருக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு காற்று அதன் மேல் ஓடும். மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை இந்தத் தூக்கல் இருக்கும். அந்தப் பொய்த் தரை சொரசொரப்பானதும் கூட. சொரசொரப்பை அளக்க வானிலைக்காரர்கள் ஒரு நீள அளவு வைத்திருக்கிறார்கள். புல்வெளிக்கு அது சில சென்டிமீட்டர்தான். காட்டுக்கு ஒரு மீட்டரும் அதற்கு மேலும்.

இப்போது விதானத்துக்குள் இறங்குவோம். மரத்தலைகள் கூடி நிற்கும் மேல் அடுக்கைத்தான் விதானம் என்கிறேன். அடர்ந்த காட்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே 5, 6 சதுர மீட்டர் இலைப்பரப்பு இருக்கும். ஒவ்வோர் இலையும் காற்றிலிருந்து கொஞ்சம் வேகத்தைப் பறிக்கிறது. அதனால் விதானத்தின் மேற்பகுதியிலேயே வேகம் மளமளவென்று சரிகிறது. மேலே வேகமான காற்று, கீழே கிட்டத்தட்ட நின்றுபோன காற்று, இரண்டுக்கும் நடுவே சில மீட்டர்தான். வேகத்தை உயரத்துக்கு எதிராக வரைந்தால், மேலே ஒரு பக்கமாக வளைந்து வந்த கோடு, சரியாக மர உச்சியில் மறுபக்கமாக வளையும். வெட்டவெளிக் கோட்டில் இந்தத் திருப்பம் கிடையாது.

ஒரு திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே இருக்கிறது. உராய்வில்லாத ஓட்டம் தானாகக் குலைய வேண்டுமானால் அதன் வேகக் கோட்டில் இப்படி ஒரு திருப்பம் இருந்தாக வேண்டும் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1880-லேயே கணிதத்தில் காட்டிவிட்டார். திருப்பம் உள்ள ஓட்டத்தில் சின்ன அசைவு கூட வளர்ந்து அலையாகும், அலை சுருண்டு உருளையாகும், உருளை உடைந்து பெரிய சுழிப்பாகும். வெவ்வேறு வேகத்தில் வரும் இரண்டு நீரோட்டங்கள் கலக்கும் எல்லையில் நடப்பதும் இதுதான். 1996-ல் ராபாக், ஃபின்னிகன், ப்ரூனே என்ற ஆய்வாளர்கள் மூவர் இந்த ஒப்புமையை விரிவாக எழுதினார்கள். காட்டின் உச்சியில் ஓடும் காற்று சுவரை ஒட்டி ஓடும் காற்றைப் போன்றது அல்ல, இரண்டு ஓட்டங்கள் கலக்கும் அடுக்கைப் போன்றது என்பது அவர்கள் வாதம். இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன்.

இந்தச் சுழிப்புகள் காட்டின் உயரத்துக்கு ஏற்ற அளவில் பிறக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மர உயரத்தைப் போலச் சில மடங்கு. உயரம் கூடினால் சுழிப்பும் பெரிதாகும். இன்னொன்று, மர உச்சியில் இருக்கும் சராசரி வேகத்தைப் போலச் சுமார் 1.8 மடங்கு வேகத்தில் இவை நகர்கின்றன. உச்சியில் நொடிக்கு 3 மீட்டர் காற்று என்றால், சுழிப்பு 5 மீட்டருக்கும் மேலே ஓடும். விளைந்த நெல் வயலில் அலை அலையாகக் கதிர்கள் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சுழிப்பு விட்டுச் செல்லும் தடம்தான், உயரம் மட்டும் வேறு.

கனடாவின் ஒன்டாரியோவில், போர்டன் என்ற இடத்தில் 18 மீட்டர் உயரக் கலப்புக் காடு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கோபுரத்தில் பல உயரங்களில் கருவிகளை வைத்து அளந்தார்கள். காவ், ஷா, பா யு மூவரும் 1989-ல் வெளியிட்ட அந்த முடிவுகளில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. பகலில் காட்டுக்குள் வெப்பமும் ஈரமும் மெதுவாக ஏறும், உள்காற்று சோம்பலாக மேலே கசியும். சட்டென்று மேலிருந்து குளிர்ந்த வேகக் காற்று பாயும், வெப்பநிலை செங்குத்தாக விழும். முதலில் மேலே உள்ள கருவியில் விழும், சற்றுப் பிந்திக் கீழே உள்ள கருவிகளில். ஒட்டடை அடித்தது போலக் காடு சுத்தமாகிவிடும். அப்புறம் மறுபடி சேர ஆரம்பிக்கும். காட்டுக்கும் வானத்துக்கும் நடக்கும் பரிமாற்றத்தில் பெரும்பங்கு இந்தக் குறுகிய பாய்ச்சல்களில்தான் முடிகிறது. மீதி நேரம் முழுக்கக் காத்திருப்புதான்.

இதனால் ஒரு பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. வெப்பமோ ஈரமோ, அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்குத்தான் நகரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு அருகே ஊரியாரா பைன் காட்டில் டென்மீட், பிராட்லி என்ற ஆய்வாளர்கள் அளந்தபோது எதிர்மாறாகவும் நடப்பதைக் கண்டார்கள். 1985-ல் அதை வெளியிட்டார்கள். மாயம் ஒன்றுமில்லை. கலக்குகிற சுழிப்பே காட்டின் உயரத்துக்குப் பெரியதாக இருக்கும்போது, அருகில் உள்ள அளவுகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கு எடுபடாது.

சரி, காட்டின் அமைப்புக்கு வருவோம். அடர்த்தி கூடக் கூடச் சொரசொரப்பும் கூடிக்கொண்டே போகும் என்று தோன்றும், இல்லையா? ஓரளவு வரைதான் கூடும். மரத்தலைகள் நெருங்கி நெருங்கி ஒரே பரப்பாக மூடிக்கொண்டால் காற்று அதன் மேல் சறுக்கிக்கொண்டு போகும், சொரசொரப்பு மறுபடி குறையும். ஒரே வயது மரங்கள் நெருக்கமாக நிற்கும் தோட்டக்காடு இப்படித்தான். பல வயது, பல உயரம், நடுநடுவே இடைவெளி என்று இருக்கும் காடு காற்றை அதிகம் குழப்பும்.

இலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். தலையில் மட்டும் இலை, கீழே வெறும் தண்டு என்றால், விதானத்தை விடத் தண்டுப் பகுதியில் காற்று வேகமாக ஓடுவது உண்டு, முக்கியமாகக் காட்டு விளிம்புக்கு அருகில். தவிர, இலைகள் பெரிய சுழிப்புகளை நறுக்கிச் சின்னச் சின்னதாக்குகின்றன. சின்னச் சுழிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். இலையுதிர்ந்த காட்டில் இந்த நறுக்கல் இல்லை, காற்று ஆழமாக உள்ளே வரும்.

விளிம்புதான் ஆபத்தான இடம். வெட்டவெளியில் வந்த காற்று காட்டில் மோதியதும் ஒரு பகுதி உள்ளே நுழையும், மீதி மேலே ஏறும். அங்கிருந்து மர உயரத்தைப் போலப் பல மடங்கு தொலைவு போன பிறகுதான் காற்று புது நிலைமைக்குப் பழகும். இயற்கையாக உண்டான விளிம்பில் நிற்கும் மரங்கள் சிறு வயதிலிருந்தே ஆடி ஆடித் தண்டும் வேரும் பருத்தவை. காட்டின் நடுவே ஒரு பட்டையை மொட்டையாக வெட்டினால், அதுவரை உள்ளே ஒதுங்கி வளர்ந்த ஒல்லி மரங்கள் ஒரே நாளில் விளிம்பு மரங்களாகிவிடுகின்றன. 2005 ஜனவரியில் குத்ரூன் புயல் தெற்கு ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். புயல் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மரம் விழும், எது நிற்கும் என்பதில் எப்போது வெட்டினோம், எந்தப் பக்கம் திறந்துவிட்டோம் என்பதற்கும் பங்கு உண்டு. வெட்டுவதாக இருந்தால் பெருங்காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று வன அலுவலர்கள் சொல்வது இதனால்தான்.

கடைசியாகக் காற்றுத்தடுப்பு வரிசைகள், அதாவது காற்றைத் தடுக்க வரிசையாக நடும் மரங்கள். அமெரிக்காவில் 1934 முதல் 1942 வரை வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 22 கோடி மரங்கள் இப்படி நடப்பட்டன. மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போவதைக் குறைக்கத்தான். வரிசை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சுவர் போல அடைத்தால் அதற்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே விழும், பாதுகாப்பும் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துபோகும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று ஊடுருவ விடுகிற வரிசைதான் மர உயரத்தைப் போலப் 10, 20 மடங்கு தொலைவுக்கு வேகத்தைக் குறைக்கும். காற்று நுழையும் அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவியிருக்க வேண்டும். கீழ்க்கிளைகளைக் கழித்து அழகாக்கிவிட்டால் தண்டுகளுக்கு இடையே காற்று பீறிட்டு வரும், மண்ணை அரிப்பதும் அதுதான். அப்படி ஆகிவிட்ட வரிசை என்றால் அடியில் புதர் நடுங்கள், மேலே இன்னும் மரம் சேர்க்க வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.