அந்த உடுப்பு எதுக்கு?

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரு விளையாட்டைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். எயார்சொஃப்ட் என்று பெயர். கொழும்பில் பெயின்ற்போல் என்று சொன்னால் இளம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். சாய உருண்டையைச் சுடுவார்கள், பட்டவரின் சட்டையில் சாயம் பிடிக்கும், அவர் வெளியே போக வேண்டும். எயார்சொஃப்ட் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. இதில் சாயம் கிடையாது. 6 மில்லிமீற்றர் அளவில் ஒரு பிளாஸ்டிக் மணி, மிளகை விடக் கொஞ்சம் பெரிது, நிறை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான். அமுக்கிய காற்று அதைத் தள்ளிவிடும். ஆனால் கையில் இருக்கிற துவக்கு மட்டும் பார்வைக்கு அசல் துவக்கு மாதிரியே இருக்கும்.

1970களில் ஜப்பானில் தொடங்கிய விளையாட்டு இது. அங்கே சாதாரண ஆளுக்கு உண்மையான துவக்கு வைத்திருக்க வழியே இல்லை என்று சொல்லலாம், சட்டம் அவ்வளவு இறுக்கம். அதனால் மாதிரி செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் செய்தார்கள், பிறகு அதை வைத்து விளையாடவும் தொடங்கினார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். வேலைக்காக இங்கிலாந்து போய் அங்கே பதினொரு வருடம் இருந்தேன், அந்தப் பதினொரு வருடமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஏதாவது ஒரு காட்டுக்குள் எயார்சொஃப்ட் விளையாடிக்கொண்டு இருந்தேன். அங்கே விளையாடுகிறவர்களுக்குள் ஒரு வாதம் ஓயாமல் நடக்கும். எவ்வளவு தூரத்துக்கு நாம் உண்மையான ஆமி மாதிரி இருக்க வேண்டும்? சிலருக்கு அரை நாள் ஓடி விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். வேறு சிலர் மில்சிம் என்று ஒரு வகை விளையாடுவார்கள். அது இருபத்துநான்கு மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல் போகும். காட்டிலேயே படுக்கை, ரேடியோவில் சங்கேதப் பெயர், தளபதி, கட்டளை, உடுப்பில் உண்மையான படைப்பிரிவின் சின்னம், எல்லாம் இருக்கும். நான் இரண்டும் விளையாடியிருக்கிறேன். இரண்டிலும் நல்ல மனிதர்களைக் கண்டிருக்கிறேன்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன், நேரம் போனால் விட்டுப்போகும். விதிகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எடுங்கள். உடுப்பை விட்டுவிடுங்கள். சின்னத்தையும் பட்டத்தையும் விட்டுவிடுங்கள். முக்கியமாக, இந்த நாட்டில் விட்டுவிடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திரும்பி வந்து இரண்டாவது வருடம். அக்காவின் பிள்ளைகள், அவர்களுடைய கூட்டாளிகள், எல்லாமாகப் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவிசாவளைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துக்காரர் தெரிந்தவர், கேட்டு அனுமதி வாங்கித்தான் போனோம். பெயின்ற்போல் சாமான் வாடகைக்கு எடுத்திருந்தோம், முகமூடி எல்லாருக்கும் இருந்தது. நான் பொறுப்பாளி. பொறுப்பாளி என்றபடியால் எதையெல்லாம் யோசிக்க வேண்டுமோ அதையெல்லாம் யோசித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர், மருந்துப் பெட்டி, எல்லைக்கு நாடா, அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கூட. ஆனால் பெடியன்களில் நாலைந்து பேர் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய பச்சைப் புள்ளி போட்ட காற்சட்டையும் சட்டையும் பையில் கொண்டுவந்திருந்தார்கள், அங்கே போய் மாற்றினார்கள். எனக்கு அது கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் பழகிய கண் அல்லவா, சாதாரணமாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வீட்டு வரிசை, இருந்தது. அங்கே ஆட்கள் இருப்பது தெரியும், அந்தப் பக்கம் சுடக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் விளையாட்டு சூடு பிடித்தால் ஆள் எங்கே போகிறார் என்று தெரியாது. இரண்டு பெடியன்கள் ஓடையோரமாக இறங்கி லயத்தின் பின்பக்கம் வந்து ஏறிவிட்டார்கள். முகத்தை மூடி, புள்ளி உடுப்போடு, குனிந்து குனிந்து, கையில் துவக்கோடு. பின்வாசலில் ஒரு அம்மா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவ கத்தவில்லை. ஒரு சத்தமும் போடவில்லை. முற்றத்தில் விளையாடிய பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறா.

பெடியன்கள் வந்து சொன்ன பிறகு நான் போய்த் தட்டினேன். நெடுநேரம் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லித்தான் திறந்தது. உள்ளே அந்த அம்மா தரையில் சுவரோடு சேர்ந்து இருந்தா, மடியில் பிள்ளை, பிள்ளைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அந்த வீட்டின் கடதாசி எல்லாம் ஒன்றாகக் கட்டிய பை. இடம்பெயர்ந்து வாழ்ந்த வீடுகளில் கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு பை தொங்கும், கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருக்குத் தெரியும்.

அவ 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவ. 2009 வரைக்கும் அங்கேதான். பிறகு மகள் கலியாணம் கட்டிய இடத்துக்கு வந்திருக்கிறா. இதெல்லாம் பிறகு தேத்தண்ணீர் தந்து அவவே சொன்னது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவ கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டா. "ஏன் தம்பி, வெளையாடத்தானே வந்தீங்க? அப்ப அந்த உடுப்பு எதுக்கு?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

அந்தப் பெடியன்களைக் குறை சொல்லவும் முடியாது. போர் முடிந்த 2009 மே மாதத்தில் அவர்கள் கைக்குழந்தைகள். வெள்ளவத்தையில் இரவு கதவைத் தட்டிப் பொலிஸ் பதிவு கேட்டதோ, பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதோ அவர்களுக்கு அப்பா அம்மா சொல்லும் கதை. அந்தப் பச்சைப் புள்ளியை அவர்கள் கண்டது கைத்தொலைபேசி விளையாட்டில். எங்களுக்கு வேறு. கண்டவர்களான நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

சரி. அதற்குப் பிறகு நாங்கள் நிறச் சட்டையில்தான் விளையாடுகிறோம். ஒரு அணி மஞ்சள், ஒரு அணி நீலம், கிரிக்கெட் மாதிரி. அப்படிப் போட்டால் ஆட்டம் செத்துவிடும் என்று பயந்தார்கள். சாகவில்லை. மஞ்சள் சட்டையோடு காட்டுக்குள் மறைய வேண்டும் என்றால் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், அசையாமல் இருக்கப் பழக வேண்டும், ஏனென்றால் கண் முதலில் பிடிப்பது அசைவைத்தான். உடுப்பு செய்த வேலையை இப்போது ஆள் செய்கிறார். என் முதல் துவக்கே பளீரென்ற நீல நிறம். இங்கிலாந்தில் 2007 இலிருந்து அசல் மாதிரித் தோன்றும் துவக்கை யாரும் சும்மா கடையில் போய் வாங்க முடியாது. எயார்சொஃப்ட் விளையாடுகிறவர் என்று காட்ட வேண்டும், 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று தடவை ஒரு மைதானத்தில் விளையாடிப் பதிவு எடுப்பதுதான் அங்கே வழக்கமான வழி. அதுவரை நீல நிறம். நான் அந்த நீலத்தோடுதான் விளையாட்டைப் பழகினேன், நன்றாகவே பழகினேன்.

உண்மை மாதிரி விளையாட வேண்டும் என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் மணி கிட்டத்தட்ட நொடிக்கு 100 மீற்றர் வேகத்தில் வெளியே வரும், அதன் சக்தி ஒரு ஜூல். அசல் ரைபிள் சன்னத்தில் 1500 ஜூலுக்கு மேல் இருக்கும். மணி 50, 60 மீற்றரைத் தாண்டினால் குறி போய்விடும், ஒரு அடர்ந்த புதர் இருந்தால் அதற்குள்ளேயே நின்றுவிடும். அதனால் புதருக்குப் பின்னால் பதுங்குவது எயார்சொஃப்ட்டில் கெட்டித்தனம். உண்மையில் புதர் ஒன்றையும் தடுக்காது. பத்து வருடம் இந்த விளையாட்டை விளையாடியவருக்குத் தெரிவது இந்த விளையாட்டுத்தான். போர் அவருக்குத் தெரியாது, எந்த உடுப்புப் போட்டிருந்தாலும் தெரியாது. நான் இதைச் சின்னப் பெடியன்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

ஆனால் மில்சிம்காரரிடம் இருந்து நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்ட விஷயமும் இருக்கிறது. சாதாரண எயார்சொஃப்ட் துவக்கின் மகசினில், அதாவது மணி நிரப்பும் பெட்டியில், சாவி மாதிரி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டால் 300 மணி வரைக்கும் போகும். விரலை எடுக்காமல் சுடுவார்கள். மில்சிம்மில் மகசினுக்கு 30தான், அசலில் உள்ளபடி. அந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடும். சுட முதல் யோசிப்பார்கள், பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பார்கள், ஒருவர் மற்றவருக்குத் தன்னிடம் மிச்சம் உள்ளதைக் கொடுப்பார். 1981 இல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் பன்னிரண்டு பேர் விளையாடிய முதல் பெயின்ற்போல் ஆட்டத்தில் வென்றவர் ஒரு வனத்தொழிலாளி; கடைசி வரை ஒரு தடவை கூடச் சுடாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் கையில் இருந்ததும் மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளச் சாயம் போடுகிற கருவி. எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

இனி நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிற விஷயம். பெயின்ற்போலில் சாயம் சாட்சி. எயார்சொஃப்ட்டில் சாட்சி இல்லை. மணி பட்டு விழுந்துவிடும், அடையாளம் இராது, நடுவர் எல்லா மரத்துக்குப் பின்னாலும் நிற்க முடியாது. பட்டவர் தானாகக் கையை உயர்த்தி "பட்டுட்டுது" என்று சொல்லி வெளியே போக வேண்டும். இந்த விளையாட்டு முழுவதும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. 2003 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நாங்கள் அவுஸ்திரேலியாவோடு விளையாடியது. அரவிந்த டி சில்வாவின் பந்து, கில்கிறிஸ்ட் அடிக்கப் போய் மட்டையில் பட்டுக் காப்பாளர் கைக்குப் போனது. நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. கில்கிறிஸ்ட் தானே நடந்து போய்விட்டார். அரையிறுதியில்! அன்றைக்கு நாங்கள் தோற்றோம், ஆனாலும் அந்த நடையை நான் மறக்கவில்லை. எயார்சொஃப்ட்டில் ஒவ்வொருவரும் ஒரு பகலில் இருபது தடவை அப்படி நடக்க வேண்டும். தலை முதல் கால் வரை அச்சு அசலாகப் படைவீரர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்து, முதுகில் நாலு மணி பட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்தவரை நான் கண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால், கனமான கவசம், தெரியவில்லை என்றார். தோட்டத்தில் எங்களோடு மஞ்சள் சட்டை போட்டு விளையாடும் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, யாரும் காணாத இடத்தில் காலில் பட்டதற்குக் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தா. எனக்கு அந்தப் பிள்ளைதான் இந்த விளையாட்டைச் சரியாக எடுத்துக்கொண்டவர்.

அதேபோல, சாமானை வெளியே காட்டக் கூடாது. பைக்குள், பூட்டி, கார் டிக்கிக்குள். வீதியில் எடுத்துப் படம் பிடிப்பது கூடாது, பல்கனியில் நின்று குறிபார்ப்பது கூடவே கூடாது. 2014 இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் தமீர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை பூங்காவில் எயார்சொஃப்ட் துவக்கு ஒன்றை வைத்திருந்தான். அது பொம்மை என்று காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. பொலிஸ் வந்து இறங்கிய சில நொடிகளுக்குள் அவனைச் சுட்டார்கள், அடுத்த நாள் இறந்துபோனான். பார்க்கிறவருக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது, கையில் இருப்பதுதான் தெரியும். கொழும்பில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது பற்றி, சிறுபிள்ளைகளுக்கு எத்தனை வயது என்பது பற்றி, இரவு ஆட்டம் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்கூட இல்லை. சுருக்கமாக. வரவழைக்கிற யோசனை இருந்தால் பணம் கட்ட முதல் சுங்கத்திலும் பொலிஸிலும் போய் நேரே கேளுங்கள், விளையாட்டுச் சாமான் என்று பொய் எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். விளையாடப் போகிற இடத்துக்குப் பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே போய், முகத்தைக் காட்டி, என்ன நடக்கப் போகிறது என்று சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், அந்த லயத்துக்கும் போகிறேன், அந்த அம்மா தேத்தண்ணீர் தராமல் விடுவதில்லை.

கடைசியாக, விளையாடும்போது கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. இதை மட்டும் எழுதி வையுங்கள். வெயில் கண்ணாடி போதாது, வலைக் கண்ணாடியும் வேண்டாம், மணி உடைந்தால் துண்டு உள்ளே வரும். ஐரோப்பியத் தரம் இஎன் 166 என்று பொறித்த கண்ணாடி வாங்குங்கள், அதில் ஒரு எழுத்தும் சேர்ந்து இருக்கும். எஃப் என்று இருந்தால் நொடிக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் சின்ன இரும்புக் குண்டைத் தாங்கும், எங்கள் மணியின் ஒரு ஜூலுக்கு அது காணாது. பி என்று இருந்தால் 120 மீற்றர் வேகம் வரை தாங்கும். பி. எஃப் இல்லை, பி. ஆட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வரும் வரைக்கும் கழற்றக் கூடாது. வணக்கம்.