சட்டியில் ஊறியது

வணக்கம். மீன்குழம்பு வைக்கிற மண்சட்டியில் பால் காய்ச்ச நம் வீடுகளில் யாருக்காவது மனசு வருமா? என்ன தேய்த்தாலும் கவிச்சி போகாது. புதுச் சட்டி வாங்கினால் என் பாட்டி அதை நேரே அடுப்பில் ஏற்ற மாட்டார், இரண்டு மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, எண்ணெய் தடவி, பழக்கி, அப்புறம்தான் குழம்பு. யாராவது சோப்புப் போட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சுட்ட மண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள், உள்ளே போனது லேசில் வெளியே வராது.

இந்தத் தொல்லைதான் தொல்லியல்காரர்களுக்குப் புதையல். பானை உடைந்து மண்ணுக்குள் போனதும் உப்பும் சர்க்கரையும் மழைத்தண்ணீரில் கரைந்து போய்விடும். கொழுப்புக்குத் தண்ணீர் ஆகாது, அது துளைக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும், ஆயிரக்கணக்கான வருஷம். உடைந்த பானையோட்டில் ஒரு துண்டை எடுத்து, மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு (தோண்டியவர் கைப்பிசுக்கும் அதில்தானே இருக்கும்), ஓரிரு கிராம் பொடியாக்கிக் கரைப்பானில் ஊறவைத்தால் அந்தக் கொழுப்பு கொஞ்சம் இறங்கி வரும்.

சரி, அது கறியா பாலா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கொழுப்பில் பால்மிட்டிக், ஸ்டியரிக் என்று இரண்டு அமிலங்கள் உண்டு. மாட்டின் மடி, பால்மிட்டிக் அமிலத்தைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும், ஆனால் ஸ்டியரிக் அமிலத்தைச் செய்ய அதற்கு வராது, ஆகவே தின்ற புல்லிலிருந்து வந்த கொழுப்பையும் ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் பாலில் விடுகிறது. புல்லின் கொழுப்பில் கார்பன்-13 என்கிற கனமான கார்பன் கொஞ்சம் குறைவு. அதனால் பாலில் இருக்கும் ஸ்டியரிக் அமிலம், அதே மாட்டின் உடம்புக் கொழுப்பில் இருப்பதைவிட ஒரு பொடி லேசு. அந்தப் பொடி வித்தியாசத்தை இயந்திரம் அளந்துவிடும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு 2,200க்கும் மேற்பட்ட பானைகளின் ஓடுகளை இப்படிப் பார்த்து, கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டிலேயே வடமேற்குத் துருக்கிப் பக்கம் பால் புழங்கியதை 2008இல் காட்டியது.

நம் நாட்டுக்கு வருவோம். அக்ஷயேதா சூர்யநாராயண் கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டத்துக்காக ராகிகடி, ஃபர்மானா, மசூத்பூர், ஆலம்கீர்பூர் போன்ற சிந்து நாகரிக இடங்களிலிருந்து 172 ஓடுகளைச் சோதித்தார். நகரத்துப் பானை, கிராமத்துப் பானை இரண்டும் உண்டு. கிடைத்தது பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு. செய்தி வந்ததுமே இங்கே சிலருக்குக் கொண்டாட்டம், சிலருக்குக் கோபம், எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: மாட்டுக்கறியா இல்லையா? ஆனால் ஓட்டில் ஊறிய கொழுப்பை வைத்துப் பசு, எருமை, ஆடு என்று பிரிக்க முடியாது. அசைபோடுகிற மிருகம் என்று சொல்லும், அதோடு சரி. எந்த மிருகம் என்று எலும்பைத்தான் கேட்க வேண்டும். அங்கே கிடைக்கும் வளர்ப்பு விலங்கு எலும்புகளில் பாதிக்கு மேல் மாடும் எருமையும்தான்.

எலும்பும் பானையும் முரண்டுபிடிக்கிற இடமும் உண்டு. நிறைய ஓடுகளில் பன்றிக் கொழுப்பு மாதிரி அளவு வந்தது, எலும்புக் குவியலிலோ பன்றி நூற்றுக்கு 2, 3தான் தேறும். அப்படியானால் பன்றியை எங்கேயோ வெட்டிக் கறியை மட்டும் கொண்டுவந்தார்களா? இருக்கலாம். எனக்கென்னவோ வேறொன்று தோன்றுகிறது, ஆராய்ச்சியாளர்களும் அதைச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரே சட்டியில் இன்றைக்கு ஆட்டுக்கறி, நாளைக்குப் பருப்பு என்று வைத்தால் இரண்டும் கலந்து வருகிற சராசரி பன்றி மாதிரியே வேஷம் போடும். சட்டிக்கு நாள்குறிப்பு எழுதத் தெரியாது, அதற்கு எல்லாக் குழம்பும் ஒரே குழம்பு.

இன்னொரு கோளாறு, காய்கறியில் கொழுப்பு குறைவு, அதனால் கீரையும் கத்தரிக்காயும் இந்தச் சோதனையில் அநேகமாக மாட்டுவதே இல்லை. இதே ஃபர்மானாவில் வேறு இரண்டு ஆய்வாளர்கள் பானையிலும் மனிதப் பல்லிலும் ஒட்டியிருந்த மாவுத்துகளைப் பார்த்தபோது இஞ்சியும் மஞ்சளும் வந்தன. கொழுப்பை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சமையலில் மசாலாவே இல்லை என்று ஆகியிருக்கும்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் கோட்டடா பாட்லி என்று ஒரு சின்ன ஊர். கல்யாண் சேகர் சக்ரவர்த்தியின் குழு 2020இல் அங்கிருந்து 59 ஓடுகளை எடுத்து, சுமார் 4,500 வருஷத்துக்கு முந்தைய பாலைக் கண்டுபிடித்தது. அதோடு நிற்காமல் விலங்குகளின் பல்லையும் பார்த்தார்கள். மாடும் எருமையும் தினை வகைப் பயிரைத் தின்றிருக்கின்றன, ஆடுகள் புல்லும் தழையும் மேய்ந்திருக்கின்றன. மாடுகளில் பெரும்பாலானவை வயசாகிச் செத்திருக்கின்றன, ஆடுகள் இளசிலேயே. இளசில் வெட்டினால் கறிக்கு என்று புரிகிறது, கிழடாகும் வரை தீவனம் போட்டு வைத்திருந்தால் பாலோ உழவோ ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும். பானை பாதி சொல்ல, பல்லும் எலும்பும் மீதியைச் சொல்லிவிட்டன.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியின் பவேரியாவில், குழந்தைகளின் புதைகுழிகளில் மூக்கு வைத்த குட்டி மண்பாத்திரங்கள் கிடைத்தன, குழந்தைக்குப் பால் புகட்டுகிற நம் பாலாடைக்கு அண்ணன் தம்பி மாதிரி. மூவாயிரம் வருஷத்தை ஒட்டிய சமாச்சாரம். மூன்றைச் சோதித்தார்கள், அசைபோடும் மிருகத்தின் பால் ஊட்டியது தெரிந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் வேறு ஏதோ கலப்பு. பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், தாய்ப்பாலாகவும் இருக்கலாம் என்கிறார்கள். இரண்டும் இயந்திரத்துக்கு ஒன்று போலத்தான் தெரிகின்றன.